டிராக்டருக்குக் காது கேட்காது

போன புதன்கிழமை தர்மபுரி கோர்ட்டில் முழுநாளும் உட்கார்ந்திருந்தேன். பதறாதீர்கள்… நான் ஒன்றும் செய்யவில்லை. கூண்டில் நின்றவன் என் தங்கை காவேரியின் கணவன் மாதப்பன். குடித்துவிட்டு டிராக்டர் ஓட்டிய கேஸ்.

"டிராக்டரா? அதை முந்திக்கொண்டு நாங்கள் நடந்தே போய்விடுவோமே!" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. நானும் அப்படித்தான் சிரித்தேன் – முழு விஷயமும் தெரிகிற வரைக்கும்.

மாதப்பனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம். தக்காளி போடுகிறான். உழைப்பில் குறை சொல்ல முடியாது. போன வருஷம் வரை அவனிடம் இருந்தது மாட்டு வண்டி. பாலக்கோடு சந்தையில் தக்காளிக் கூடைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, எங்கேயாவது ஓடைப் பக்கம் ஒதுங்கி, திருட்டுத்தனமாக விற்கும் சாராயத்தை வாங்கிக் குடிப்பான். அப்புறம் வண்டியில் வைக்கோலைப் பரப்பி மல்லாந்து படுத்துவிடுவான்.

வண்டியை யார் ஓட்டுவது என்கிறீர்களா? மாடுகள்தான்! வழி தெரியும், திருப்பம் தெரியும், எதிரே பஸ் வந்தால் ஒதுங்கவும் தெரியும். நேராக வீட்டு வாசலில் வந்து நிற்கும். காவேரி மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிவிட்டு, அதன் பிறகுதான் மாப்பிள்ளையை எழுப்புவாள். யாருக்கு எவ்வளவு மரியாதை என்பதில் என் தங்கை தெளிவானவள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் ஒரு டிராக்டர் வந்து சேர்ந்தது. ஊரில் முதல் டிராக்டர். முதல் லைசென்ஸும் மாதப்பனுடையதுதான். அந்த லைசென்ஸை அவன் காட்டாத ஆள் கிடையாது. கல்யாண வீட்டில் காட்டினான், காரியம் நடந்த வீட்டிலும் காட்டினான். எனக்கு மட்டும் மூன்று முறையாவது காட்டியிருப்பான்.

அடுத்ததாக வந்தது சாராயக் கடை. மதுவிலக்கை எடுத்துவிட்டார்கள் அல்லவா? அதற்கு முன்பெல்லாம் நம் ஆட்கள் பஸ் பிடித்து மைசூர் எல்லையைத் தாண்டிப் போய்க் குடித்துவிட்டு, வரும் வழியெல்லாம் கொய்யா இலையை மென்றுகொண்டு வருவார்கள். போலீஸ்காரர் எதிரே வந்தால் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். இப்போது ரோட்டோரத்திலேயே கடை, அதற்கு போர்டு வேறு. மூச்சை அடக்க வேண்டிய தேவை இல்லை. மற்றதையும் அடக்க வேண்டியதில்லை என்று பலபேர் முடிவு கட்டிவிட்டார்கள்.

அன்றைக்குச் சந்தையில் தக்காளிக்கு நல்ல விலை. சந்தோஷம் வந்தால் மாதப்பனுக்குத் தாகமும் வந்துவிடும். கடை முன்னால் டிராக்டரை நிறுத்திவிட்டு உள்ளே போனான். மட்கார்டில் உட்கார்ந்திருந்த காவேரி, "வேணாங்க, வூட்டுக்குப் போய்க் குடிச்சுக்குங்க" என்று கெஞ்சியிருக்கிறாள்.

"நாளெல்லாம் வண்டி ஓட்டறவன், எனக்குத் தெரியாதா?" என்றானாம்.

என்ன தெரியும்? படுக்கத் தெரியும். ஓட்டியதெல்லாம் மாடுகள்!

கொஞ்ச தூரத்தில் ஏரிக்கரைத் திருப்பம். அங்கே ஒரு புளியமரம். மரத்தடியில் ஒரு சைக்கிள். வளையல் வியாபாரி ஜமால் பாயுடைய சைக்கிள் அது. ஊர் ஊராகப் போய் வளையல் விற்கிறவர். பின்னால் வளையல் பெட்டியைக் கட்டியபடி சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, சாயங்காலத் தொழுகைக்குக் கை கால் கழுவ ஏரியில் இறங்கியிருந்தார்.

திருப்பத்தில் டிராக்டர் திரும்பவில்லை. நேராக மரத்தைப் பார்த்துப் போகிறது. காலுக்கடியில் பிரேக் இருக்கிறது. மாதப்பன் அதை மிதித்தானா? இல்லை. ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் தன் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து, "ஓ… ஓ… நில்றா! நில்லுங்கறேன்ல!" என்று கத்தியிருக்கிறான்.

கைக்குக் கயிறு நினைப்பு. வாய்க்கு மாட்டு நினைப்பு. உள்ளே போன சரக்கு அவனை ஒரு வருஷம் பின்னால் கொண்டுபோய் விட்டுவிட்டது. டிராக்டருக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்? சைக்கிள் மேல் ஏறி, பெட்டியை நொறுக்கி, மரத்தில் முட்டி நின்றது.

பின்னால் வந்த பஸ் நின்றது. கூட்டம் கூடியது. பக்கத்து போலீஸ் அவுட்போஸ்ட்டிலிருந்து ஏட்டையா வந்து, மாதப்பனை பென்னாகரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் வாயை மோந்து பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்தார். தரையில் ஒரு கோட்டைக் காட்டி அதன் மேல் நடக்கச் சொன்னார். மாதப்பன் கோட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நடந்தான். ரத்தமும் எடுத்தார்கள்.

அவனுக்கு வந்ததே கோபம்! "கவர்மெண்டே கடை தொறந்து வெச்சிருக்குதுங்க. நான் என்ன திருட்டுச் சரக்கா குடிச்சேன்? எதுக்குங்க கேசு?"

ஏட்டையா நிதானமாகச் சொன்னாராம்: "கவர்மெண்ட் குடிக்கத்தான் கடை தொறந்திருக்குது. ஓட்டறதுக்கா தொறந்திருக்குது?"

இந்த ஒரு விஷயம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும், சொல்லுங்கள்? குடிப்பதற்கு இருந்த தடை போயிருக்கலாம். குடித்துவிட்டு வண்டியில் உட்கார்ந்தால் அது குற்றம்தான். அன்றைக்கும் குற்றம், இன்றைக்கும் குற்றம். ஜெயிலுக்கே அனுப்பலாம்.

ஜமால் பாய்க்குப் புது சைக்கிளும் வளையல் சரக்கும் வாங்கிக் கொடுத்தாயிற்று. "எனக்கு ஒண்ணும் கேசு வேணாங்க" என்று அவரே ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் கேஸ் அவருடையது இல்லை, சர்க்காருடையது. இரண்டு பேர் கைகுலுக்கிக்கொண்டால் சர்க்கார் எழுந்து போய்விடாது.

எனவே ஒரு வக்கீலைப் பிடித்தோம். அவர் சிரித்துக்கொண்டே, "இது ஒரு கேஸா? அரிஷ்டத்துல தீந்துடும்" என்றார்.

புரியவில்லையா? ரத்தத்தில் சாராயச் சத்து இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஆயுர்வேத மருந்தான அரிஷ்டத்திலும் அது உண்டாம். ஆகவே அன்று மாதப்பனுக்கு வயிற்று வலி. மனைவி அரிஷ்டம் கொடுத்தாள். மயக்கமாக வந்தது. தீர்ந்தது கதை! மதுவிலக்குக் காலத்தில் எத்தனையோ பேருக்கு இந்த வயிற்று வலி வந்து குணமாகியிருக்கிறது.

சாட்சி யார்? காவேரி.

கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் வக்கீல் அவளுக்குப் பாடம் நடத்தினார். "ரெண்டு மூடி… ரெண்டு மூடி" என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். மாதப்பன் என் பக்கம் குனிந்து, "லைசென்ஸ் மட்டும் போவக் கூடாது மச்சான். ஊருல தலை காட்ட முடியாது" என்றான். பாவமாகத்தான் இருந்தது.

சாட்சிக் கூண்டில் ஏறினாள். வக்கீல் கேட்டார்.

"அன்னிக்கு உங்க வூட்டுக்காரருக்கு வயித்து வலியா?"

"ஆமாங்க."

"அரிஷ்டம் குடுத்தீங்களா?"

"ரெண்டு மூடி குடுத்தனுங்க."

வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். சர்க்கார் தரப்பு வக்கீல் எழுந்திருப்பதற்குள் மாஜிஸ்ட்ரேட் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். வயதானவர், எத்தனை அரிஷ்டத்தைப் பார்த்தவரோ! மிரட்டவில்லை, அதட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, இன்னிக்கு நான் கேஸைத் தள்ளிட்டேன்னு வெச்சுக்க. நாளைக்குச் சந்தைக்கு இவர் டிராக்டர் எடுப்பார். நீ ஏறி உட்காருவியா?"

காவேரி மாதப்பனைப் பார்த்தாள். அவன் லேசாகத் தலையசைத்தான், 'சொல்லு' என்பதுபோல.

"அரிஷ்டம் குடுக்கலீங்க சாமி" என்றாள்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.

"கடையிலதான் குடிச்சாரு. நான் மட்கார்டுல உக்காந்திருந்தனுங்க. சக்கரம் ஏறினப்ப நறநறன்னு சத்தம் கேட்டுது. பாயோட எலும்புன்னே நெனச்சேன். கண்ணை மூடிக்கிட்டனுங்க. பாயே ஏரியில இருந்து ஈரக் காலோட வந்து, 'என்னம்மா ஆச்சு'ன்னு கேக்கற வரைக்கும் நான் கண்ணைத் தொறக்கலீங்க. வளையலுங்க சாமி, நொறுங்கினது வளையலு. இன்னி வரைக்கும் எனக்கு அந்தச் சத்தம் போவலீங்க. அந்த லைசென்ஸை நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு இவரு வேணும்."

சொல்லிவிட்டு அழுதாள். என் கண்ணும் கலங்கியது, எதற்கு மறைக்க வேண்டும்? பொய் சாட்சிக்கே தனி கேஸ் போடலாம் என்று மாஜிஸ்ட்ரேட் அவளை எச்சரித்துவிட்டு, கோபமாக வக்கீலைப் பார்த்தார். வக்கீல் அவசரமாக வேறொரு கேஸ் கட்டைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார்.

தீர்ப்பு: அபராதம். கோர்ட் கலையும் வரை காவல். ஒரு வருஷத்துக்கு லைசென்ஸ் கிடையாது.

'கோர்ட் கலையும் வரை' என்றால் சுலபம் என்று நினைக்காதீர்கள். ஊரே வந்து போகிற இடத்தில், ஓர் ஓரத்து பெஞ்சில், தெரிந்தவர் ஒவ்வொருவரும் "என்னப்பா மாதப்பா, இங்க உக்காந்திருக்கே?" என்று கேட்க, சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஜெயிலே தேவலை என்று என்னிடம் சொன்னான். காவேரி டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு போனாள். தொடவில்லை. "கட்டினவளே காட்டிக் குடுத்துட்டா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டி வந்தேன். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் நடுவில் நடந்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருவனே பேசினேன். பென்னாகரம் பஸ் வந்தது. காவேரி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

மாதப்பன் ஏறவில்லை. பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனான். கோபத்தில் வேறு பஸ்ஸுக்குப் போகிறானோ என்று பின்னாலேயே ஓடினேன். அவன் டிரைவர் ஜன்னலுக்குக் கீழே நின்று, அண்ணாந்து, மூக்கை உறிஞ்சிப் பார்த்தான்.

"ஏனுங்க டிரைவரே… ஏதாச்சும் போட்டிருக்கீங்களா?"

டிரைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "யோவ்! இதைக் கேக்க நீ யாருய்யா?"

மாதப்பன் ஜன்னலோரம் கையைக் காட்டினான்.

"அதா, அங்க உக்காந்திருக்குதே… அதோட வூட்டுக்காரனுங்க."