மடங்காத முழங்கால்களும் நானும்

முழங்கால் தேய்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் எங்கள் தொழிலில் நோயாளியைவிட அவருடைய வட்ஸ்அப்தான் அதிகம் பேசும். வெள்ளவத்தையில் பதினாறு வருஷமாக எனக்கு இதே பாடு. என்னைப்போல் அகப்பட்டுக்கொண்ட பிசியோதெரபிஸ்டுகளுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

ஊசி வரும் வரை

சிவகாமி டீச்சருக்கு லிஃப்ட் இல்லாத பிளட்டில் மூன்றாம் மாடி. கீழே இறங்கி ஏழு மாதம். ஒரு தரமாவது தன் காலால் இறங்கிப் போய்க் கடலைப் பார்க்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. குருத்தெலும்பு இவ்வளவு தேய்ந்தபிறகு ஸ்டெம் செல் ஊசி பலன் தருமென்று உறுதி சொல்ல முடியாது, பயிற்சியைச் செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கனடாவிலிருக்கும் மகனோ நாளுக்கு நாலு ஸ்டெம் செல் வீடியோ அனுப்புகிறான். நான் மூச்சிரைக்க மூன்று மாடி ஏறிப் போனால், டீச்சர் கதிரையை விட்டு அசையமாட்டார்.

“ஊசியோட முடியிற அலுவலுக்கு ஏன் பிள்ளை சும்மா காலை ஆட்டுவான்?”

சுறா வைத்தியம்

கொட்டாஞ்சேனை அந்தோனி அண்ணனுக்குப் பேலியகொடையில் மீன் வியாபாரம். ஸ்டெம் செல் குருத்தெலும்பை முளைக்க வைக்குமாம் என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். அடுத்த நாள் தன் முழங்கால் பயிற்சிக்கு எங்கள் கிளினிக்குக்கு ஒரு சொப்பிங் பையோடு வந்தார். உள்ளே சுறாவின் குருத்தெலும்பு! வாடை போக இரண்டு நாள் ஜன்னலைத் திறந்துவைத்தோம். நான் கத்திய கத்தலுக்கு மனிதர் அசரவேயில்லை.

“கோவப்படாதீங்க மிஸ், இத நாங்க கூடை கூடையா வீசுறோம், டாக்டர்ட்ட கேட்டு அரச்சி ஏத்துங்க.”

கொலுசுக் கால்

ஊசி போடும் இந்தியக் கிளினிக் ஒன்று, மிகவும் தேய்ந்த முழங்காலை எடுப்பதில்லை, மடக்கிக் காட்டி வீடியோ அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறது. டீச்சர் அனுப்பினார். இந்தக் காலுக்கு வைத்தியமே தேவையில்லை என்று பதில் வந்தது. என் பயிற்சியால்தான் குணமென்று மகன் சந்தோஷத்தில் எனக்கு ஃபோன் எடுத்து நன்றி சொன்னான். வீடியோவை வாங்கிப் பார்த்தால், கணுக்காலில் கொலுசு. வீட்டு வேலைக்கு நிற்கும் சுமதியின் கால்! அவளுக்கு வயது இருபத்திரண்டு. ஆத்திரத்தில் மூன்று மாடியும் ஓடி ஏறிப் போய்க் கேட்டேன். டீச்சர் நிதானமாகத்தான் இருந்தார்.

“என்ர காலைக் காட்டினா வேண்டாமெண்டுவாங்கள், அவளின்ர காலைக் காட்டினா தேவையில்லையெண்டுறாங்கள், நான் ஆற்ர காலைக் காட்டுறது?”

கீழே

ஊசி இல்லையென்று ஆனபின் வேறு வழியில்லாமல் பயிற்சி தொடங்கியது. டீச்சர் திட்டுவார், அழுவார். நானும் திட்டுவேன். இப்படியே நாலு மாதம். ஒரு சனிக்கிழமை பின்னேரம், கைப்பிடியைப் பிடித்தபடி, படிக்கொரு முனகலாக மூன்று மாடியும் இறங்கினார். மரைன் டிரைவில் கடலைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பி, பிளட்டை அண்ணாந்து பார்த்தார்.

“இறங்கியாச்சு பிள்ளை, இப்ப ஆர் என்னை மேல ஏத்திறது?”

அவரை மேலே சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நானும் ஒரு ஸ்டெம் செல் வீடியோ பார்த்தேன் என்பதை எங்கள் தொழில்காரர்கள் யாரும் வெளியில் சொல்லிவிட வேண்டாம்.