நானூறு நோட்டும் ஒரு சர்வரும்

எங்கள் கம்பெனியின் சர்வர் மெதுவாக ஓடியதற்குக் காரணம் நான்தான். இதை அந்தக் காலத்தில் யாரிடமும் சொல்லவில்லை. கரண்டைக் குற்றம் சொன்னேன், கேபிளைச் சொன்னேன், விற்றவனைச் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறவர்கள் எல்லோரும் ஒரு ஏசி ரூம் கட்டி அதில் கம்ப்யூட்டரைக் குடிவைத்துக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டு பையர் வந்தால் முதலில் அந்த ரூமைத்தான் காட்டுவார்கள். கக்கூஸைக் காட்ட மாட்டார்கள். எங்கள் முதலாளியும் கட்டினார். புரோகிராம் எழுத நான். பேக்கிங்கில் அட்டைப்பெட்டி நிரம்ப நிரம்ப, எந்த ஆர்டர், என்ன கலர், எந்த சைஸில் எத்தனை பீஸ் என்று டைப் அடிக்க ஒரு பெண்.

அந்தப் பெண் அதற்கு முன் ஆறு வருஷம் செக்கிங்கில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இளைப்பு வந்துவிட்டது. தூசிப் பக்கமே போகாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த டாக்டருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார். திருப்பூரில் தூசி இல்லாத வேலைக்கு எங்கே போவது? பிளஸ் டூ படித்திருந்ததால் எங்கள் ரூமுக்கு மாற்றினார்கள். மூன்றே மாதத்தில் என்னைவிட வேகமாக அடித்தார். சர்வர்தான் அவருக்கு ஈடு கொடுக்கவில்லை.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஓடியது. ஆர்டர் சேரச் சேர இழுக்க ஆரம்பித்தது. ஒரு பெட்டியின் விவரத்தைப் போட்டு என்டர் தட்டினால் சர்வர் மாவு மில் மாதிரி உறுமும். அரை நிமிஷம் கழித்துத்தான் அடுத்த பெட்டி. அதற்குள் பேக்கிங் மாஸ்டர் தன் நோட்டில் நாலு பெட்டி எழுதிவிட்டு எட்டிப் பார்ப்பார்.

“என்ன கண்ணு, உன்ற பொட்டி முழிச்சுக்குச்சா, இன்னும் தூக்கமா?”

ஒரு திங்கட்கிழமை முதலாளி உள்ளே வந்தார்.

“ஏப்பா, சனிக்கிழமை மத்தியானம் கண்டெய்னர் கெளம்புது. பேக்கிங் லிஸ்ட்டு இந்தப் பொட்டியில இருந்து நேரத்துக்கு வரோணும். வரலீன்னா இதை வித்துப்போட்டு நோட்டே போதும்னு இருந்துக்கறேன். நீ வேற எடம் பாத்துக்கோ. இந்தப் புள்ள மறுக்கா செக்கிங்குக்கே போகட்டும்.”

எனக்கு வேறு இடம் கிடைக்கும். அன்றைக்குத் திருப்பூரில் புரோகிராம் எழுதத் தெரிந்தால் தெருநாய்க்கும் வேலை இருந்தது. அந்தப் பெண் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு அடுத்த பெட்டியை அடிக்க ஆரம்பித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

கோளாறு எங்கே இருந்தது என்று சொல்கிறேன். ஆர்டருக்கு ஒரு நோட்டு என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். அட்டையில் அந்த ஆர்டரின் துணித்துண்டை ஒட்டி வைத்திருப்பார்கள். ஒரு ஆர்டரின் பெட்டியை இன்னொன்றின் நோட்டில் எழுதினால் கொலைக்குற்றம். நான் சிஸ்டம் போடும்போது மாஸ்டர் பக்கத்தில் நின்று, “ஆர்டருக்கு ஒண்ணு, கலருக்கு ஒண்ணு, தனித்தனியா இருக்கோணும்” என்றார். அவரோடு மல்லுக்கட்டச் சோம்பல்பட்டு அப்படியே செய்தேன். ஒவ்வொரு ஆர்டரின் ஒவ்வொரு கலருக்கும் ஒரு டேபிள், சர்வருக்குள் ஒரு தனி நோட்டு மாதிரி. பெட்டிக் கணக்கைச் சரிபார்த்துப் பதியும் ஸ்டோர்டு புரொசீஜர், அதாவது சர்வருக்குள்ளேயே எழுதி வைக்கும் சின்னப் புரோகிராம், அதையும் ஆர்டருக்கு ஒன்றாக நகலெடுத்துப் போட்டேன். கடைசியில் நானூற்றுச் சொச்சம் டேபிள் ஆகிவிட்டது.

சர்வர் ஒரு டேபிளைத் திறந்தால் உடனே மூடாது. அடுத்த தடவைக்கு ஆகும் என்று நினைவகத்தில் வைத்திருக்கும். ஆனால் எங்கள் சர்வரில் ஒரே நேரத்தில் அறுபத்து நாலுதான் என்று வரம்பு போட்டிருந்தது. பேக்கிங்கில் பெட்டிகள் வரிசையாகவா வரும்? ஒன்று சிவப்பு, அடுத்தது வேறொரு ஆர்டரின் நீலம். ஒவ்வொரு பெட்டிக்கும் சர்வர் ஒன்றை மூடி ஒன்றைத் திறந்தது. புரொசீஜரையும் டிஸ்க்கில் தேடி எடுத்து முதலிலிருந்து படித்தது.

செவ்வாய்க்கிழமை அந்த அறுபத்து நாலை ஐந்நூறு ஆக்கினேன். பெரிய மேதாவி என்று நினைப்பு. ஒரு மணி நேரம் பறந்தது. பிறகு நினைவகம் நிரம்பிவிட்டது. சர்வர் எல்லாவற்றையும் டிஸ்க்கில் தள்ளி, எடுத்து, தள்ளி, மத்தியானம் செத்தே போனது. புதன்கிழமை முழுக்க அதை எழுப்பி உட்கார வைப்பதிலேயே போனது. வேறு வழியில்லை. எல்லாவற்றையும் ஒரே டேபிளாக்க வேண்டும், புரொசீஜரும் ஒன்றே ஒன்று. வியாழக்கிழமை மாஸ்டரிடம் சொன்னேன்.

“ஏனுங்க, புத்தி கெட்டுப்போச்சா? செர்மனிக்காரன் சட்டையும் பிரான்சுக்காரன் சட்டையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டறதா?”

“சாக்கு இல்லீங்க. ஒவ்வொரு வரியிலயும் ஆர்டர் நம்பர் இருக்கும். கேட்டா அது மட்டுந்தான் வரும்.”

“தப்பி வேற வந்துட்டா? சரக்கு ஏறுனதுக்கப்பறம் நீயா கப்பலுக்குப் பொறகால நீந்திப் போவ?”

நானும் கத்தினேன், அவரும் கத்தினார். அந்தப் பெண்தான் நடுவில் பேசினார்.

“மாஸ்டருங்ணா, உங்க நோட்டு எந்த ரேக்குல இருக்குதுன்னு பையர் கேக்கறானுங்களா? தொறந்தா உங்க ஆர்டர் மட்டும் இருக்கோணும். ஸ்கிரீன்ல அட்டை தனித்தனியாவே இருக்கட்டுமுங்க. உள்ள எப்படி வெச்சா என்னங்க?”

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். “அட்டை தனியா இருக்குமா?”

“இருக்குமுங்க,” என்றேன்.

“அப்ப என்ன கருமத்தையோ பண்ணுங்க.”

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் மாற்றி முடித்தேன். ஸ்கிரீனில் பழையபடி ஆர்டருக்கு ஒரு பெயர். உள்ளே ஒரே டேபிள். முதல் சோதனையிலேயே குழந்தைச் சட்டை ஆர்டரை புரொசீஜர் துப்பிவிட்டது. அதில் சைஸ் ஸ்மால், மீடியம் என்று இல்லை, ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று இருந்தது. அத்தனை நகலில் நான் அங்கங்கே திருத்திய எதுவும் எனக்கு நினைவில்லை. தினமும் அதில் அடித்த அந்தப் பெண்ணுக்கு எல்லாம் நினைவிருந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் சேர்த்தேன்.

சனிக்கிழமை என்டர் தட்டியதும் அடுத்த பெட்டி வந்தது. கண்டெய்னர் கதவைச் சாத்துவதற்கு முன்பே பிரிண்டரிலிருந்து லிஸ்ட் நீளமாக இறங்கியது. மாஸ்டர் தன் நோட்டோடு வரிவரியாக ஒத்துப் பார்த்தார். ஒரு பெட்டி கணக்கில் இடித்தது. எண்ணிப் பார்த்ததில் நோட்டுதான் தப்பு. அதற்கும் என்னைத்தான் திட்டினார். முதலாளி காகிதத்தைக் கிழித்து வாங்கி, “செரி, இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் பாராட்டு.

ரூமில் நானும் அந்தப் பெண்ணும் மட்டும் இருந்தோம்.

“ஏனுங்ணா, ரெண்டு நாள் வேலைதானுங்களே இது. மொதல்லயே பண்ணியிருக்கலாமல்லங்க?”

“மாஸ்டர்தானே தனித்தனியா கேட்டாரு,” என்றேன்.

“அவருக்கென்னங்க தெரியும்? உங்களுக்குத் தெரியுமல்லங்க. நாலு மாசமா, இன்னைக்குச் செக்கிங்குக்குப் போகச் சொல்லுவாங்களோன்னு பயந்துட்டேதானுங்ணா தெனமும் பஸ் ஏறுனேன்.”

கரண்டைச் சொல்லலாமா, கேபிளைச் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவர் கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டு, அடுத்த ஆர்டர் நம்பரைச் சொல்லச் சொன்னார்.