எக்ஸ் வந்த வழி

விடுமுறைக்கு வீடு திரும்பும் பேருந்து கூலாயைத் தாண்டும்போதுதான் அது தோன்றியது. வெளியே செம்பனைத் தோட்டம், நல்ல மழை. மங்கிய கண்ணாடியில் விரலால் சின்னம்மாவுக்கு ஒரு வட்டம் போட்டேன், சித்தப்பாவுக்கு ஒரு சதுரம். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம் என்பது மரபியல் வகுப்பில் படித்தது. கீழே அவர்கள் மகளுக்கு எதைப் போடுவது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு வட்டமே போட்டேன். அவளுடைய எக்ஸ் குரோமோசோம் சின்னம்மாவிடமிருந்து வந்தது. சித்தப்பா கொடுத்தது ஒய். அவளிடம் மாறிப்போயிருக்கும் மரபணு இருப்பதோ எக்ஸில். அப்படியென்றால் அவர்கள் இருவரும் சொந்தமாக இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். நான் வாய்விட்டுச் சிரித்திருக்க வேண்டும், பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துப் பார்த்தார்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை, மாசாயில் இருக்கிறார். அத்தை மகனையே விரும்பிக் கட்டிக்கொண்டவர். சொந்தத்தில் வேண்டாம் என்று பலர் சொல்லியும் கேட்கவில்லை. அவர்கள் மகளுக்குப் பதினாறு வயது. உயரமாக, பள்ளி வலைப்பந்துக் குழுவில் எல்லாருக்கும் மேலே தெரிவாள். உடம்பு வளர்ந்துவிட்டது, வயசுக்கு மட்டும் வரவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் சாப்பாட்டுப் பந்தியிலேயே கேட்பார்கள், சடங்கு எப்போது என்று. மெர்சிங்கில் இருக்கும் தாய்மாமன் ஒவ்வொரு முறை வரும்போதும் கேட்பார். சீர் செய்ய வேண்டியவர் அவர்தானே. சின்னம்மா அவளுக்கு உளுந்தங்களியும் பச்சை முட்டையுமாக ஊட்டித் தள்ளினார். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது கர்ப்பப்பை இல்லை என்றார்கள். இரத்தத்தைச் சோதித்ததில், ஆண்களுக்கு இருப்பதுபோல் எக்ஸ் ஒய்.

டாக்டர் மலாயிலும் இங்கிலீஷிலும் சொன்னதை நான் சின்னம்மாவுக்குப் போனில் தமிழில் சொல்லிப் பார்த்தேன். ஆண் ஹார்மோனை அவள் உடம்பு தயாரிக்கிறது. அதை வாங்கிக்கொள்ள உடம்பின் செல்களில் ஒரு ஏற்பி வேண்டும். அந்த ஏற்பியைச் செய்யச் சொல்லித்தரும் மரபணுவில் மாற்றம் இருப்பதால் ஹார்மோன் வந்தும் பலனில்லை. அதனால் கருவிலிருந்தே பெண்ணாக வளர்ந்தாள். சிலருக்கு ஏற்பி பாதி வேலை செய்யும், அவர்கள் உடம்பு வேறு மாதிரி அமையும். இவளுக்குச் சுத்தமாக இல்லை. குழந்தையில் இரண்டு பக்கமும் குடலிறக்க ஆப்பரேஷன் செய்தார்களே, பெண் குழந்தைகளுக்கு அப்படி வருவது அபூர்வம், அப்போதே யாராவது சந்தேகப்பட்டிருக்கலாம்.

இத்தனையும் தெரிந்த பிறகும் மகளிடம் சின்னம்மா சொன்னது, “ஹார்மோன் கொஞ்சம் கொறவு” என்று மட்டும். அடுத்த முறை வருவதற்குள் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். சின்னம்மா மறுத்தார்.

“சொன்னா, ஏம்மா அப்பாவ கட்டுனன்னு கேப்பா. அதுக்கு நான் என்ன சொல்றது?”

இதுதான் அவர் தொண்டையில் நின்ற முள். கண்ணாடியில் வட்டம் போட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்தது அதனால்தான்.

பேருந்து நிலையத்திலிருந்து நேராக மாசாய்க்குப் போனேன். சித்தப்பா பாசிர் கூடாங் தொழிற்சாலையிலிருந்து வந்து மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருவரையும் உட்காரவைத்து மூச்சுவிடாமல் விளக்கினேன். சின்னம்மா கேட்டு முடித்தார். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

“அப்ப எல்லாமே என்கிட்டேர்ந்துதானா?”

அவருடைய பாரத்தை இறக்கப்போய் சித்தப்பாவின் பாதியையும் அவர் தலையிலேயே வைத்திருக்கிறேன். அப்போது சித்தப்பா வண்டி துடைத்த துணியை உதறிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அலமாக், இத்தன நாளா பாதி என்னுதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அதையும் புடுங்கிட்டியா நீ? எனக்கு ஒண்ணும் வேணாம்லா உன் படிப்பு. பாதி என்னுதுதான்.”

சின்னம்மா அவரை முறைத்தார். பிறகு சிரிக்கவும் அழவும் ஒன்றாக வந்துவிட்டது. நான் மெதுவாக மீதியைச் சொன்னேன். இந்த மாற்றம் சில குடும்பங்களில் தாயிடம் இருப்பதே இல்லை, குழந்தையிடம்தான் முதன்முதலாகத் தோன்றுகிறது. தாயிடம் இருந்தாலும் அது அவர் வரவழைத்ததல்ல. அவருக்கு அவருடைய அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம். அப்படியானால் என் அம்மாவிடமும் இருக்கலாம், மகளான என்னிடமும் இருக்கலாம். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதுதான் எனக்கே அது உறைத்தது. சின்னம்மா என் தலையில் கைவைத்து, “நீ பயப்படாத கண்ணு,” என்றார்.

மறுநாள் வலைப்பந்துப் பயிற்சி முடிந்து வந்தவளிடம் சின்னம்மா சொன்னார். நான் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், பெற்றவள் நான்தான் சொல்ல வேண்டும் என்றுவிட்டார். எக்ஸ், ஒய் எல்லாவற்றையும் தலைகீழாகத்தான் சொன்னார். ஆனால் எதையும் மறைக்கவில்லை. குழந்தை சுமக்க முடியாது என்ற இடத்தில் அவள் தட்டிலிருந்த மீகோரேங்கை வெகுநேரம் கிளறிக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்.

“நான் பொண்ணுதானேம்மா?”

“பொண்ணுதான். உனக்கு வேற மாதிரி தோணுனாலும் எங்கிட்ட சொல்லு. எனக்கு நீ நீதான்.”

“வேற மாதிரில்லாம் ஒண்ணும் தோணல,” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அறைக்குள் போய் அழுதாள். சித்தப்பா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார், அவள் திறக்கும் வரை.

இதை எழுதலாமா என்று அவளைக் கேட்டேன். பேரைப் போடாதே, என்னை ரொம்பப் பாவமாகக் காட்டாதே என்றாள்.

சின்னம்மா மரபணுச் சோதனைக்கு இரத்தம் கொடுத்திருக்கிறார், முடிவு இன்னும் வரவில்லை. அவரிடம் இருந்தால் அடுத்து அம்மாவும் நானும். அதற்குள் இன்னொரு வேலை இருக்கிறது. வரும் சனிக்கிழமை மெர்சிங் போகிறோம். சடங்கு இல்லை என்பதை மாமாவிடம் தானே சொல்லப்போவதாக அவள் முடிவெடுத்துவிட்டாள். ஏன் என்று அவர் கேட்கும்போது மட்டும் நான் பேச வேண்டுமாம். படகுத்துறையில் மீன் பிரிக்கிற மனிதருக்கு ஏற்பியைப் பற்றி எப்படிச் சொல்வது? ‘குறை’ என்ற சொல் ஒரு தடவைகூட வரக்கூடாது என்று அவள் நிபந்தனை போட்டிருக்கிறாள். குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்க்கிறேன். மூன்றாவது வாக்கியத்திலேயே அது வந்து நிற்கிறது. வேறு சொல் தேடிக்கொண்டிருக்கிறேன்.