தொட்டிக்குள் போட்ட பொரி

எங்கட வீட்டு முன்னறையில் என் மனுசன் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறார். உப்புத்தண்ணி, மீன், உயிருள்ள முருகைக்கல், அதுதான் பவளப்பாறைத் துண்டு. துறைமுகம் கூப்பிடு தூரத்தில் கிடக்க, கடலை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதுக்கு முன்னால் கதிரை போட்டு இருக்கிற ஆளை என்னவென்று சொல்ல? ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு அதிகாரம் பண்ண ஆள் இல்லை. மீனாவது அகப்பட்டது.

அதுக்குள்ள ஒரு முருகைக்கல் மட்டும் எனக்குப் பிடிக்கும். விளக்குப் போட்டதும் விரல் விரலாக விரியும், அணைத்தால் சுருங்கும். ஆள் வந்தால் குசினி அடுப்படியில் போய் நிற்கிற எனக்கு, என்னிடம் பேச்சு எதிர்பார்க்காத அந்தச் சீவனோடு ஒத்துப்போனது.

தொட்டிக்குள் பாசி பிடித்தது, வீட்டுக்கு வந்த ஆக்களால்தான். கோயில் குளத்து மீனுக்குப் பொரி போடுகிற பழக்கம் எங்கட சனத்துக்கு. வெள்ளிக்கிழமைகளில் அவருடைய தங்கச்சி, என் மச்சாள், மிஞ்சின பொரியோடு கோயிலால் நேரே தொட்டிக்குத்தான் வருவா. இவரும் மூடியைத் திறந்து, "போடு, போடு, புண்ணியம்" என்பார். கடல்மீன் அதை மோந்து பார்த்துவிட்டுப் போகும். பொரி அடியில் ஊறி அழுகும்.

கொஞ்ச நாளில் தலைமயிர் மாதிரிப் பச்சைப்பாசி கல்லெல்லாம் பிடித்தது. "அசல் கடல் மாதிரியே இருக்கு, பாருங்கோ" என்று வந்தவர்களுக்குப் பெருமையாகக் காட்டினார். என்ர முருகைக்கல் பாதி மூடப்பட்டு, விரியாமல் கிடந்தது. இப்படியே விட்டால் செத்துப்போகும்.

தொட்டி மீன் விற்ற கடைக்காரர் போனில் தெளிவாகத்தான் சொன்னார். "ஐயா, தீனியைக் குறையுங்கோ. ஜன்னல் வெயிலை மறையுங்கோ. பாசியைக் கையால் பிடுங்கி, நல்ல கடல் தண்ணியாக் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்கோ."

இவர் போனை வைத்துவிட்டு, "அவன் என்னத்தைக் கண்டான்" என்றார். பிறகு படகுத்துறையடியில், மீன் கழுவி ஊற்றுகிற இடத்தில், வாளியால் அள்ளிவந்து மாற்றினார். கடல் தண்ணி கடல் தண்ணிதானாம். பாசிக்கு அது விருந்து.

அவர் பேப்பர் வாங்கப் போகிற நேரங்களில் நான் கை வைத்தேன். ஜன்னலில் பழைய சீலை கட்டினேன். பாசியைக் கோழி இறகு பிடுங்கிற மாதிரிப் பிடுங்கினேன். மணம் சொல்லேலாது. மீன் கொண்டுவருகிற சாம்பல்தீவு மனிசியிடம் சொல்லி, வெளிக்கடல் தண்ணி ஒரு பிளாஸ்டிக் கான் நிறைய எடுப்பித்து, கொஞ்சம் கொஞ்சமா மாற்றினேன். சீலையைக் கண்டும் இவர் ஏனென்று கேட்கவில்லை. கண் முழுக்கத் தன் பெருமையில்தானே.

அடுத்த வெள்ளி மச்சாள் பொரிப்பையோடு வந்தா. இவருடைய கை மூடிக்குப் போனது. குசினி வாசலில் நின்றனான், எப்படி வந்தேனோ தெரியாது, மூடிக்கு மேல் இரண்டு கையையும் வைத்துவிட்டேன்.

"என்ன அண்ணி, பேய் பிடிச்சிட்டுதோ?"

"பொரி குளத்து மீனுக்கு. இதுக்குள்ள போடேலாது."

"அண்ணா, இஞ்ச பாருங்கோ, அண்ணிக்கு வாய் இருக்கு!"

"விடு, அவளுக்கு உதெல்லாம் விளங்காது" என்றார்.

விளங்காதாம். நான் கையை எடுக்கவில்லை. மச்சாள் நின்று பார்த்துவிட்டு, கதிரையில் இருந்து பொரியைத் தானே தின்னத் தொடங்கினா. தேத்தண்ணி வைக்கவும் நான் போகவில்லை. கடைசியில் இவர்தான் குசினிக்குப் போனார். சீனி எந்தப் போத்தலில் என்று அங்கிருந்து கத்திக் கேட்டார்.

நான் குனிந்து தொட்டிக்குள் பார்த்தேன். என் கைக்குக் கீழே முருகைக்கல்லில் ஒரு பக்கம் விரிந்திருந்தது.