வைரஸ்னு அழிக்கப்பட்ட என் செக்சம்

அக்கா கல்யாண போட்டோ இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் கரகரன்னு சத்தம் போட ஆரம்பிச்சது. புது டிஸ்க்குக்கு மாத்தித் தரச் சொல்லி டெல்லி கரோல் பாக்ல ஒரு கம்ப்யூட்டர் கடையில கொடுத்திருந்தேன்.

கொடுக்கறதுக்கு முன்னாடி, ஃபைல் மேனேஜர்ல ஒவ்வொரு போட்டோ பேருக்குப் பின்னாடியும் அந்த போட்டோ டேட்டாவை வச்சுக் கணக்குப் போட்ட எட்டு எழுத்து கோட், அதான் செக்சம், சேர்த்தேன். காப்பி பண்ணும்போது எது கெட்டுப்போனாலும் அதை வச்சுக் கண்டுபிடிச்சிடலாம். அவ்வளவு அறிவாளி நான்.

இன்னிக்கு வாங்கப் போனேன். கடைக்காரர் முகத்துல அப்படி ஒரு பெருமை.

"மேடம், ஃபைல் பேர்ல எல்லாம் வைரஸ் ஒட்டியிருந்துச்சு. ஒண்ணு விடாம சாஃப் பண்ணி எடுத்துட்டேன். ஃப்ரீ சர்வீஸ்."

"அண்ணா, அது வைரஸ் இல்ல, செக்சம்! பழைய டிஸ்க்ல இருக்குமே?"

"அது நேத்தே உயிரை விட்டுடுச்சு."

"இப்ப போட்டோ எதுவும் கெடலைன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"டென்ஷன் ஆகாதீங்க. ஒவ்வொண்ணா நானே திறந்து பார்த்தேன். எல்லாம் ஏக்தம் நல்லா இருக்கு. மாப்பிள்ளைதான் ஒண்ணுலகூட சிரிக்கல."

வீட்டுக்கு வந்து நானும் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாம் திறக்குது. அத்தான் நிஜமாவே ஒண்ணுலயும் சிரிக்கல. எட்டு வருஷமா குடும்பத்துல ஒருத்தரும் கவனிக்கல.

இதையெல்லாம் கண்டுபிடிக்கிற செக்சம் யார்கிட்டயாவது இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. அக்கா கேக்கறா.