முன்பக்கம் ஒரு வருஷம், பின்பக்கம் ஒரு வருஷம்

போன வருஷம் ஆடி முடிந்து ஆவணி பிறந்திருந்த நேரம். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. நான் சொல்லப்போகிற விஷயம் அந்தச் சந்தில் தொடங்கி, காட்டூரில் போய் முடிந்தது. முடிந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

என் கணவர் தெப்பக்குளம் பக்கம் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். அதற்கு முந்தின மாசியில் அவருக்கு இருதய ஆபரேஷன் நடந்தது. டாக்டர் 'இனிமே பயமில்லை' என்று சொல்லி அனுப்பினார். டாக்டர் சொன்னால் பயம் போய்விடுமா? கடையை என் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, ஹாலில் ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர்தான். 'வாசல் வரைக்கும் நடந்துட்டு வாங்களேன்' என்றால் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு, 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பார். கடைக்கு வருகிறவர்களை எல்லாம் கேலி செய்தே கண்ணாடி விற்ற மனிதர். வீட்டில் என்னோடு பேசுவதற்குக்கூட அளந்து அளந்து வார்த்தை எடுத்தார். எனக்கு அந்த நாற்காலியைத் தூக்கித் தெருவில் போடலாமா என்று வரும்.

அடுத்த முறை செக்கப்புக்குப் போனபோது டாக்டர், 'சைக்கிள் ஓட்டுவீங்களா? மூச்சு வாங்காம மெதுவா ஓட்டுங்க' என்றார். நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்ததும் அவர், 'பாலம் ஏறினா மூச்சு வாங்காம எப்படி?' என்று தட்டிக் கழிக்கப் பார்த்தார். கியர் சைக்கிள் என்றால் மேட்டில் லேசாக ஏறும் என்று என் தம்பி சொன்னான். போனில் தேடினேன். காட்டூரில் ஒருவர் பழைய மவுண்டன் பைக் ஒன்றை விற்பதாகப் படம் போட்டிருந்தார். ஸ்ரீரங்கத்தில் மலை ஏது என்று கேட்காதீர்கள். எங்களுக்குக் காவிரிப் பாலமே மலைதான்.

தம்பியோடு லோடு ஆட்டோவில் போய் எடுத்து வந்தேன். விற்ற அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். கேட்டைப் பாதிதான் திறந்தார். சைக்கிளை வெளியே தள்ளிவிட்டு, அடிக்கடி உள்ளே திரும்பிப் பார்த்தார். வீடு தேடி வந்தவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. என்ன மனுஷியோ என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

சைக்கிள் நீலமும் சாம்பலும் கலந்த ஒரே நிறத்தில் இருந்தது. கம்பெனி பெயர், மாடல் பெயர், ஒரு ஸ்டிக்கர், எதுவும் இல்லை. என் கணவர் ஒரு வாரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்புறம் ஒரு நாள் காலையில் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு அம்மா மண்டபம் வரை போய்த் திரும்பினார். இன்னொரு நாள் பாலத்தின் முனை வரை. அன்றைக்கு வந்து, 'இன்னொரு தோசை போடு' என்றார். அடுப்படியில் நின்று நான் அழுதது அவருக்குத் தெரியாது.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு மாடு மண்ணைப் போட்டது. எங்கள் சந்தில் திரிகிற மாடுதான். வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளில் கழுத்தைச் சொறிந்துகொள்ள, சைக்கிள் சாய்ந்து விழுந்து, பின்சக்கரத்துப் பக்கம் கியரைத் தாங்குகிற சின்ன அலுமினியத் துண்டு பட்டென்று உடைந்துவிட்டது. அவர் பார்த்தார். 'நான்தான் சொன்னேனே, இதெல்லாம் நமக்கு ஒத்து வராது' என்று உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இந்த முறை உட்கார்ந்தால் இனி எழுப்ப முடியாது என்று தோன்றியது.

சைக்கிளைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர், 'இதுக்கு ஹேங்கர்னு பேரு, மேடம். மாடலுக்கு மாடல் மாறும், வருஷத்துக்கு வருஷம் மாறும். என்ன மாடல், எந்த வருஷம்னு சொல்லுங்க, வரவழைச்சுத் தரேன்' என்றார். பெயரே இல்லாத சைக்கிளுக்கு நான் எங்கே போய் ஜாதகம் பார்ப்பது? 'பெடல் சேர்ற இடத்துக்கு அடியில நம்பர் அடிச்சிருக்கும், பாருங்க' என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் சைக்கிளைக் கவிழ்த்துப் பார்த்தால், நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதே இடத்தில் வைத்து வைத்து, கல்லாக இறுகிப் போயிருந்தது. நான் கத்தியோடு உட்கார்ந்ததும் நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

'ஏய், பூஜைக்கு வெச்ச சந்தனத்தைச் சுரண்டாதே.'

'சுரண்டாம நம்பர் எப்படித் தெரியும்? புதுசா வெச்சுக்கலாம்.'

'கத்தியால கீறினா நம்பரும் சேர்ந்து போயிடும்டி. வெந்நீர் கொண்டா. என் பழைய டூத் பிரஷ் எங்கே?'

மனிதர் எழுந்து வந்துவிட்டார். தரையில் உட்கார்ந்து, வெந்நீரில் ஊறவைத்து, குழந்தைக்குக் காது துடைப்பது போலத் துடைத்தார். பிறகு அலமாரியிலிருந்து கடையில் பயன்படுத்திய லென்ஸை எடுத்து வந்து கண்ணில் வைத்தார். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல நான் போனில் குறித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லை. அந்த நம்பரைக் கொண்டு வருஷத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கொரோனாவுக்கு முந்தின வருஷம். ஆனால் மாடல் தெரியவில்லை. போனில் பழைய சைக்கிள் படங்களாக எடுத்துப் போட்டு, ஒயர் குழாய்க்கு உள்ளே போகிறதா வெளியே போகிறதா, பிரேக் எந்த மாதிரி என்று பார்த்துக்கொண்டே இருப்பார். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கை வைத்து ஒரு மாடலைக் கண்டுபிடிப்பார். அந்த மாடல் வந்ததோ கொரோனாவுக்கு அப்புறம். 'முன்பக்கம் ஒரு வருஷம் சொல்லுது, பின்பக்கம் ஒரு வருஷம் சொல்லுது' என்று சாப்பிடும்போதும் புலம்புவார். ரசத்தில் உப்பில்லை என்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. 'ஸ்டிக்கரை எடுத்திருக்காங்க, மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க, முன்னயும் பின்னயும் வேற வேற வண்டி. பில்லு வாங்குனீங்களா? திருட்டு வண்டியா இருந்துடப் போகுது, மேடம்' என்றார். பில் எங்கே வாங்கினேன்? பாதி திறந்த கேட்டும், உள்ளே உள்ளே பார்த்த கண்ணும் ஞாபகத்துக்கு வந்தது. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். 'சைக்கிள் எந்த வருஷம், என்ன மாடல்' என்று கேட்டதுமே குரலைத் தாழ்த்திக்கொண்டு, 'போன்ல வேணாங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வீட்டுக்கு வாங்க, சொல்றேன்' என்று வைத்துவிட்டார். சந்தேகமே இல்லை என்று முடிவு கட்டினேன். புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பும்போது, இவர் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்.

'நானும் வரேன். நீ தனியாப் போனா சண்டை போடுவே. வருஷத்தைக் கேட்காமலே திரும்பி வந்துடுவே.'

ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியையும் அந்தப் பாலத்து முனையையும் தவிர வேறெங்கும் போகாதவர். நான் ஒன்றும் கவனிக்காதது போலக் கதவைப் பூட்டினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, துவாக்குடி பஸ் ஏறி, காட்டூரில் இறங்கினோம். வழியெல்லாம் கோபம் எனக்கு, ஜன்னலோர சீட் அவருக்கு.

அந்த அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. ஒவ்வொரு சொல்லும் இழுத்து இழுத்து வந்தது.

'யாரு... சைக்கிள் கடையிலேர்ந்தா? சர்வீஸ்... முடிஞ்சுதா?'

அந்த அம்மா எங்களைப் பார்த்துச் சட்டென்று கைகூப்பினார். கண் நிறைந்துவிட்டது. சைக்கிளை விற்றதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, சர்வீஸுக்கு விட்டிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார், அவர் தூங்கும் நேரமென்றுதான் ரெண்டு மணிக்கு மேல் வரச் சொன்னார் என்று அப்போதுதான் புரிந்தது. வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வசவு எல்லாம் வீணாய்ப் போயிற்று. அதற்குள் இவர் செருப்பைக் கழற்றிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார்.

'ஆமா சார், கடையிலேர்ந்துதான் வரேன். ஹேங்கர் உடைஞ்சிருக்கு. மாடல் தெரியாம பார்ட்ஸ் போட முடியலை. அதான் உங்களையே கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.'

இந்த மனிதருக்குப் பொய் சொல்லத் தெரியும் என்று இத்தனை வருஷத்தில் எனக்கே தெரியாது.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் அந்த அம்மாவின் வீட்டுக்காரர். பக்கவாதம். வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. சைக்கிள் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. இவர் போனில் எடுத்திருந்த படங்களைக் காட்டினார். சின்னதாகத் தெரிந்த இடத்துக்குச் சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கொடுத்தார். அவர் இடது கையால் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

'நம்பர் தெரிஞ்சுதா? அங்க... சந்தனம் வெச்சது நான்தான்.'

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். வேலையில், கைலாசபுரம் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்தபோது கணவனும் மனைவியும் ஆளுக்கொரு சைக்கிள் வைத்திருந்தார்களாம். காலையில் சேர்ந்து ஓட்டுவார்களாம். ரிட்டயர் ஆகிக் காட்டூருக்கு வந்த பிறகு அவர் சைக்கிளின் பிரேமில் விரிசல் விட்டுவிட்டது.

'ஃபோர்க்கு நல்லா இருந்துச்சு. இவளுக்கு... மணிக்கட்டு வலி. என்னோடது புதுசு, குலுங்காது. அதைக் கழட்டி இவ சைக்கிள்ல மாட்டினேன். ஒட்டுப்போட்டதுன்னு... இவளை யாரும் கேலி பண்ணக் கூடாதுல்ல? ஒரே பெயிண்டா அடிச்சுட்டேன்.'

மனைவியின் சைக்கிள் பிரேமின் மாடல் பெயரையும் வருஷத்தையும் தடுமாறாமல் சொன்னார். நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட கணக்கு ஒரு நிமிஷத்தில் நேரானது. இவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். அவர் பதில் சொல்லச் சொல்ல, இரண்டு பேருக்கும் பக்கத்தில் ஆள் இருப்பதே மறந்துபோனது. நானும் அந்த அம்மாவும் சமையலறையில் காப்பி கலந்தோம்.

அந்த அம்மா அங்கே மெதுவாகச் சொன்னார். 'சைக்கிள் வராந்தாவுல நிக்கறதைப் பார்த்தா இவருக்கு இருப்புக் கொள்ளாதுங்க. நான் பின்கட்டுக்குப் போன நேரம் பார்த்துத் தானா எழுந்து, அதைப் பிடிக்கப் போய் விழுந்துட்டார். மண்டையில அடி. இன்னொரு தடவை விழுந்தா நான் தனியா என்ன பண்ணுவேன்? அதான் வித்துட்டேன். சொல்ல வாய் வரலை.' சைக்கிளைத் திருப்பிக் கொண்டு வந்து விடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். 'ஓடட்டும்ங்க, எங்கேயாவது' என்றார்.

பார்ட்ஸ் வந்தது, சைக்கிள் ஓடியது. பாலத்தில் பாதி, பிறகு முழுசாக, பிறகு மறுகரை. ஒரு நாள் செக்கப்பில், காட்டூர் வரை ஓட்டலாமா என்று இவரே டாக்டரிடம் கேட்டார். வழியில் நின்று நின்று போவதானால் சரி என்று டாக்டர் சொன்னதும், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பிவிட்டார். நான் என் தம்பியின் ஸ்கூட்டியில் பின்னாலேயே போனேன், 'மெதுவா, மெதுவா' என்று கத்திக்கொண்டு. பாலத்து மேட்டில் ஒரு தடவைகூட அவர் கை நெஞ்சுக்குப் போகவில்லை.

காட்டூரில், சைக்கிள் மணிச் சத்தம் கேட்டு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுக்காரர் கேட் வரை வந்தார். இடது கையால் ஹேண்டில்பாரைத் தடவினார். பிரேக்கை அழுத்திப் பார்த்தார். இவர், 'சர்வீஸ் முடிஞ்சுது சார். டிரையல் பார்க்கலாம்னு எடுத்துட்டு வந்தேன்' என்று நாடகத்தைத் தொடர்ந்தார்.

'காவிரிப் பாலம்... எத்தனாவது கியர்ல ஏறுனீங்க?' என்றார் அவர்.

ஸ்ரீரங்கம் என்று நாங்கள் அவரிடம் சொல்லவே இல்லை.

'கடைக்காரர் கையில கிரீஸ் இருக்கும். உங்க கையில... லென்ஸ் இருந்துச்சு. இவங்க ரெண்டு பேரும் ஸ்ரீரங்கம்னு சமையக்கட்டுல பேசினது கேட்டுச்சு. வாங்கினது நீங்கதான்னு அன்னிக்கே தெரியும்.' மனைவி பக்கம் திரும்பினார். 'உனக்கு ஏன்... சொல்ல வாய் வரலைன்னு எனக்குத் தெரியாதா?'

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கணவரின் இடது கை ஹேண்டில்பாரை விட்டு அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. நானும் இவரும் வேறு பக்கம் பார்த்தோம்.

பிறகு அவர் எங்கள் பக்கம் திரும்பினார். 'நான்தான் ஓட்ட முடியலை. நீங்க ஓட்டிக்கிட்டு... ஞாயித்துக்கிழமை வாங்க. கியர் விழற சத்தம் கேட்டாப் போதும்.'

இப்போது ஞாயிற்றுக்கிழமை என்றால், அலாரம் அடிப்பதற்கு முன்பே இவர் எழுந்துவிடுகிறார். மழை தூறினாலும், கால் வலித்தாலும், 'அவர் கேட் பக்கத்துல உட்கார்ந்திருப்பார்' என்று சொல்லிக்கொண்டே டயரை அழுத்திப் பார்க்கிறார். ஹாலில் இருக்கும் நாற்காலியில் இப்போது இஸ்திரி போட வேண்டிய துணிகள் கிடக்கின்றன. 'போங்க, வெளியே போங்க' என்று மாதக்கணக்கில் நான் கத்தியும் எழாத மனிதர், 'வாங்க' என்று காட்டூரில் ஒருவர் கூப்பிட்டதும் வாராவாரம் பாலம் தாண்டிப் போகிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம், எழ முடியாமல் உட்கார்ந்திருக்கும் யாரைப் பார்த்தாலும் புத்தி சொல்வதை விட்டுவிட்டு, 'எங்க வீட்டுக்கு எப்போ வரீங்க?' என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.