ஒன்பது பேருக்கு அனுபவச் சான்றிதழ்

அருப்புக்கோட்டையில் அனுசியாவின் ஜாக்கெட் கடைக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோன அவள் மாமனார் சங்கரபாண்டியன் அங்கே கிடந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்திருந்தார்கள். மதுரையில் ஆறு மாதம் படித்து, நோயாளிப் பராமரிப்பில் சான்றிதழ் வாங்கியவள் நான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் முதுகில் புண் வரும். இடையில் அவர் கண் அசந்தால் போதும், "சும்மாதான இருக்கீக நர்சம்மா" என்று நாலு ஜாக்கெட்டையும் ஊசியையும் என் மடியில் போட்டுவிடுவாள் அனுசியா. கொக்கி வைப்பது என் பாடத்தில் இல்லை. ஆனாலும் வைத்தேன்.

அந்த அறையிலிருந்து பார்த்தால் தையல் கூடம் முழுவதும் தெரியும். வைகாசி முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு நாள் தங்கச்செல்வி அங்கே நேர்முகத் தேர்வுக்கு வந்தாள். நரிக்குடிப் பக்கத்துப் பெண். ஃபேஷன் டிசைன் கடைசி வருடம். தாய் ஆடு வளர்க்கிறாள், நூறு நாள் வேலைக்கும் போகிறாள். தன் வரைபடங்களை ஒரு பெரிய அட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அனுசியா அதைப் பிரிக்கவே இல்லை.

"மேடம் கீடமெல்லாம் வேண்டாம், அக்கான்னே கூப்பிடும்மா. படம் யாரு வேணாலும் வரையலாம். கை வேலையத்தான் பாக்கணும். இந்தா, இதத் தச்சுக் காட்டு, சாயங்காலத்துக்குள்ள."

பட்டுத்துணி ஒன்றும் அளவு ஜாக்கெட் ஒன்றும் கொடுத்தாள். தங்கச்செல்வி மதியச் சாப்பாட்டைக்கூடத் திறக்காமல் தைத்தாள். ஐந்து மணிக்கு அனுசியா அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்து உதட்டைச் சுழித்தாள்.

"கழுத்து வெட்டு சரியில்லையே. உங்க ஊருல ஆட்டுக்குத்தான் கழுத்தளவு எடுத்துப் பழக்கம்போல."

கூடத்தில் இருந்த மற்ற பெண்கள் சிரித்தார்கள். தங்கச்செல்வியும் சிரிப்பதுபோல் வாயை வைத்துக்கொண்டாள். "ரெண்டாவது ரவுண்டுக்கு வா, பாப்போம்" என்றாள் அனுசியா. இரண்டாவது ரவுண்டிலும் ஒரு ஜாக்கெட். மூன்றாவதிலும் ஒன்று. பிறகு, "சொல்லி அனுப்புறேம்மா."

சொல்லி அனுப்பவில்லை.

ஆடி மாதம், காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அவளை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மதுரையில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனிக்கு இன்டர்வியூ போய்விட்டு வந்திருந்தாள். நரிக்குடி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன கேட்டாங்க?"

"அஞ்சு வருசத்துல எங்க இருப்பேன்னு கேட்டாக நர்சம்மா. சாம்பிள் பிரிவுக்குத் தலையா இருப்பேன்னு சொன்னேன். எல்லாருக்கும் பிடிச்சுது. கடைசில அனுபவம் உண்டான்னாக. காலேஜுல தச்சது செல்லாதாம். ஒரு கடையில வாடிக்கைக்காரவுகளுக்குத் தச்சிருக்கணுமாம், அந்தக் கடைக்காரவுகளே எழுதிக் குடுக்கணுமாம். ஆவணி முடிய எனக்காக இடத்தை வச்சிருப்பாகளாம். நான் எங்க போறது? யாருமே வேலைக்கு எடுக்கல, அனுபவம் மட்டும் எப்படி வரும்?"

"உனக்குத்தான் இருக்கே" என்றேன். "நீ தச்ச மூணு ஜாக்கெட்டுக்கும் கொக்கி வச்சது நான்தான். மறுநாளே கவர்ல போட்டு, பேர் எழுதி, கல்யாண வீட்டுக்குக் குடுத்துட்டா. உன்னோடது மட்டுமில்ல, டெஸ்ட்டுக்கு வந்த அத்தனை பேரு தச்சதும் அப்படித்தான் போச்சு. முகூர்த்தம் வந்தா அங்க இன்டர்வியூவும் வரும்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்து, மூடியை இறுக்கமாகத் திருகினாள்.

"கழுத்து சரியில்லன்னு சொன்னாகளே, அதுவுமா?"

"அதைப் போட்டுக்கிட்ட கல்யாணப் பொண்ணு அதே மாதிரி இன்னும் ரெண்டு கேட்டு ஆள் விட்டா."

"மொத்தம் எத்தனை பேரு நர்சம்மா?"

"நான் பார்த்து ஒன்பது."

"சரி. அஞ்சு வருசம் இருக்கட்டும். இந்த ஆவணிக்கு எனக்கு அனுசியாக்கா மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

ஆவணியில் திருச்சுழிக் கல்யாண வீடு ஒன்றிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. மணப்பெண்ணுக்கும் உறவுக்காரப் பெண்களுக்குமாக ஒன்பது ஜாக்கெட்டுகள், எல்லாம் ஒரே மயில்கழுத்து நிறத்தில். அனுசியாவின் தையல்காரர்கள் எல்லாரும் ஊர்ப் பொங்கலுக்குப் போய்விட்டார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாளுக்கு இன்டர்வியூ என்று போனில் ஸ்டேட்டஸ் போட்டாள். பழைய ஒன்பது பெண்களும் வந்து நின்றார்கள். மற்ற எட்டுப் பேரையும் தேடிப்பிடித்துச் சேர்த்தவள் தங்கச்செல்வி.

"அக்கா, இன்னொரு சான்ஸ் குடுங்க. நல்லாப் பழகிட்டு வந்திருக்கோம்" என்றாள் பாளையம்பட்டிப் பிரவீணா, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

அனுசியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒன்பது பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். அதற்கு முன் நான் அங்கே அப்படி எதுவும் பார்த்ததில்லை.

நாலு மணிக்கு எல்லா மிஷின்களும் ஒரே நேரத்தில் நின்றன. ஒன்பது ஜாக்கெட்டுகள் மேசையில் வரிசையாக இருந்தன. உடம்பு முடிந்திருந்தது, கைகள் சேர்க்கப்படவில்லை. பதினெட்டுக் கைகளும் ஒரே குவியலாகக் கிடந்தன. எந்தக் கை எந்த ஜாக்கெட்டுக்கு என்று ஒன்றிலும் சாக்பீஸ் குறி கிடையாது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"டெஸ்ட் முடிஞ்சிருச்சுக்கா" என்றாள் தங்கச்செல்வி. "மார்க்கு போடுங்க."

"விளையாடுறியாடி? ஆறு மணிக்குக் காரு வந்துரும்!"

"டெஸ்ட்டுத் துணிக்கு எதுக்குக்கா காரு?"

அனுசியா கத்தினாள். போலீஸைக் கூப்பிடுவேன் என்றாள். "கூப்பிடுங்க, அவுகளே வந்து ஜாக்கெட்டுக்குக் கை வைக்கட்டும்" என்றாள் ஒன்பது பேரில் ஒருத்தியான மாரிக்கனி. அனுசியா தானே ஒரு மிஷினில் உட்கார்ந்து, குவியலில் இருந்து ஒரு கையை எடுத்துத் தைத்தாள். இடக்கையை வலப்பக்கம் சேர்த்துவிட்டாள். பிரித்தாள். அடுத்து எடுத்தது வேறு அளவு. துணி சுருங்கிக்கொண்டு நின்றது.

"நர்சம்மா! இங்க வாங்க, வந்து ஒரு கை குடுங்க!"

"அவரைப் புரட்டுற நேரம் அனுசியா. அதுக்குத்தான் நான் படிச்சிருக்கேன்" என்று சொல்லி, சங்கரபாண்டியனை இடப்பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். என்னை அனுப்பிவிட்டால் மறுநாள் அவரை யார் புரட்டுவது என்பது அவளுக்கும் தெரியும்.

ஐந்தே கால் ஆனபோது, "என்னதான் வேணும் உனக்கு?" என்றாள்.

"கடை லெட்டர்பேடுல அனுபவச் சான்றிதழ். ஒன்பது பேருக்கும். உங்க கையெழுத்துல. ஜெராக்ஸ் வேண்டாம். ஒண்ணு எழுதினீங்கன்னா ஒரு ஜாக்கெட்டுக்குக் கை ஏறும்."

அனுசியா எழுத உட்கார்ந்தாள். 'இவர் எங்கள் கடையில் மணப்பெண் ஜாக்கெட்டுகள் தைத்துக் கொடுத்தார். வாடிக்கையாளர்கள் திருப்தி அடைந்தார்கள்.' அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஒவ்வொரு தாளிலும் முத்திரை விழுந்த பிறகுதான் ஒரு மிஷின் ஓடியது. தங்கச்செல்வி தன்னுடையதைக் கடைசியாக வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு வரி சேருங்க. 'கழுத்து வெட்டு மிக நேர்த்தி.'"

அனுசியா பேனாவை வைத்துவிட்டாள். வெளியே கார் வந்து நின்றது. கல்யாண வீட்டு அம்மாள் ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"அக்கா ஒரே ஒரு வரி எழுதணும். எழுதிட்டாகன்னா முடிஞ்சுரும்" என்றாள் தங்கச்செல்வி.

எழுதினாள்.

அன்று ராத்திரி அனுசியா என்னோடு பேசவில்லை. கொக்கி வைக்கச் சொல்லி எதையும் மடியில் போடவும் இல்லை.

நாலாம் நாள் மதுரைக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. சிக்னல் நன்றாகக் கிடைப்பது மாமனார் அறையில்தான் என்பதால் அனுசியா அங்கே வந்து பேசினாள். தங்கச்செல்வியின் வேலை எப்படி என்று கேட்டார்கள். "நல்ல வேலைக்காரி" என்றாள். மாற்றிச் சொல்ல முடியாது. அவள் எழுத்து அவர்கள் கையில் இருந்தது. அடுத்த கேள்வி எனக்கும் கேட்டது: இவ்வளவு நல்ல ஆளை ஏன் விட்டீர்கள்? அனுசியா சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அவளுக்கு... பெரிய இடம் வேணும்ல சார்" என்றாள் மெதுவாக.

தங்கச்செல்விக்கு வேலை கிடைத்தது. அதைச் சொல்ல எனக்கு போன் செய்தவள், சம்பளம், ஹாஸ்டல் எதைப் பற்றியும் பேசவில்லை.

"அந்தக் கேள்வியக் கேட்டப்ப அவுக மூஞ்சி எப்படி இருந்துச்சு நர்சம்மா?"

சொன்னேன்.

"இன்னொருக்காச் சொல்லுங்க."

சொன்னேன். மூன்றாவது தடவையும் கேட்டாள். அப்போது, அனுசியாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று நானே ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன். அப்படி வரவில்லைதான். சொன்னதற்காக நான் வருத்தப்படவும் இல்லை.